கிணற்றுக் கயிறும் கரண்ட் கம்பியும்

பிளஸ் ஒன் இயற்பியலில் எல்லோருக்கும் மனப்பாடமான ஃபார்முலா ஒன்று உண்டு. வேகம் = அதிர்வெண் × அலைநீளம். அவ்வளவுதான். இரண்டைக் கொடுத்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும், மார்க் நிச்சயம்.

இதே ஃபார்முலாவை வைத்து ஒரு கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். இழுத்துக் கட்டிய கயிறு ஒன்று. அதன் நுனியை ஒருவர் மேலும் கீழும் ஆட்டுகிறார், அலை ஓடுகிறது. இப்போது அவர் கையை இரண்டு மடங்கு சீக்கிரமாக ஆட்டினால் அலை ஓடும் வேகம் என்ன ஆகும்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் "ரெண்டு மடங்காகும் சார்" என்பார்கள். ஃபார்முலாவே அப்படித்தானே சொல்கிறது? அதிர்வெண் கூடினால் வேகமும் கூட வேண்டாமா?

கூடாது. துளிகூடக் கூடாது. வேகம் இருந்தபடியே இருக்கும், அலைநீளம்தான் பாதியாகும்.

ஏன் என்பதைப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் இரண்டு பக்கம் தள்ளி, வேறொரு ஃபார்முலாவாகச் சொல்கிறது. கயிற்றின் இழுவிசையை, அதன் ஒரு மீட்டர் நீளத்தின் நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம். இதில் ஆட்டுகிற கை எங்கேயாவது வருகிறதா? வரவே இல்லை. எவ்வளவு இறுக்கம், எவ்வளவு கனம், இந்த இரண்டுதான். இரண்டும் கயிற்றின் சமாச்சாரம். அதிர்வெண் மட்டும்தான் கையின் சமாச்சாரம். கயிறு ஒன்றைச் சொல்கிறது, கை ஒன்றைச் சொல்கிறது, இரண்டுக்கும் ஒத்துப்போகிற மாதிரி அலைநீளம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இந்த இரண்டு பக்க இடைவெளியைத் தாண்டாமலேயே பிளஸ் டூ முடித்து, காலேஜும் முடித்து, வேலைக்கும் போய்விட்டவர்கள் ஏராளம்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்கும் இதே சந்தேகம்தான். அவன் பள்ளி லேபில் சுரமானிப் பெட்டி இருந்தது, கம்பிதான் இல்லை. பிராக்டிகல் நோட்டில் அளவீடுகள் இருந்தன, அவை முந்தைய வருஷத்து அண்ணன் ஒருவருடைய நோட்டிலிருந்து வந்தவை. (அந்த அண்ணன் எங்கிருந்து எடுத்தாரோ!) ஆனால் ஊர்த் தோட்டத்தில் கிணறு இருந்தது. கிணறு என்றால் தண்ணீர் இருக்கும் என்று அந்தக் கரிசல் காட்டில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. குண்டாற்றிலேயே வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். கிணற்றின் மேல் துருப்பிடித்த கப்பியும் அதில் கிடந்த தேங்காய் நார்க் கயிறும்தான் அவனுக்கு வேண்டியிருந்தன.

மளிகைக் கடைத் தராசில் கயிற்றைச் சுருட்டி வைத்தான். 25 மீட்டர் கயிறு, இரண்டரைக் கிலோ. அதாவது மீட்டருக்கு 100 கிராம். ஒரு நுனியைக் கிணற்றிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்ற வேப்பமரத்தில் கட்டினான். மறுநுனியைக் கப்பியில் போட்டு, 10 லிட்டர் தண்ணீர் பிடித்த கேனைத் தொங்கவிட்டான். 10 கிலோ எடை, 98 நியூட்டன் இழுவிசை. 98ஐ 0.1ஆல் வகுத்தால் 980. வர்க்கமூலம் 31.3. ஆக, இந்தக் கயிற்றில் அலை விநாடிக்கு 31.3 மீட்டர் ஓடியாக வேண்டும்.

ஓடியதா? மரத்துப் பக்கம் நின்று கயிற்றைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினான். தட்டு ஒரு மேடு மாதிரி கிணற்றுக்கு ஓடி, கப்பியில் மோதி, தலைகீழாகத் திரும்பி வந்தது. திரும்பியதும் மறுபடி போனது. மூன்று முறை போய்த் திரும்ப மூன்றே முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதல். அப்படியானால் ஒரு தடவைக்கு 1.28 விநாடி. 40 மீட்டரை 1.28ஆல் வகுத்தால் 31.3! செல்போன் ஸ்டாப்வாட்சும் அவசர விரலும் இவ்வளவு சரியாகச் சொன்னதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. பழைய கப்பி கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால் கணக்கு ஒன்றிரண்டு மீட்டர் விலகியிருக்கும்.

அடுத்தது அவன் ஆசைப்பட்ட காரியம். முடிச்சிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கயிற்றைப் பிடித்து, கையைச் சீராக மேலும் கீழும் ஆட்டினான். பத்து விநாடிக்கு எட்டுத் தடவை என்ற கணக்கில் ஆட்டியபோது கயிறு முழுவதும் ஒரே புடைப்பாக எழுந்து எழுந்து விழுந்தது. அதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக ஆட்டினால் ஒரே குழப்பம், கயிறு எதற்கும் பிடி கொடுக்கவில்லை. இன்னும் சீக்கிரமாக்கி, பத்து விநாடிக்குப் பதினைந்து பதினாறு தடவை வந்ததும், திடீரென்று நடுவில் ஒரு இடம் அசையாமல் நின்றது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு புடைப்பு. அசையாத அந்த இடம்தான் கணு. இருபத்துமூன்று, இருபத்துநாலு தடவைக்கு மூன்று புடைப்பு, இரண்டு கணு.

ஒரு புடைப்பு என்பது பாதி அலைநீளம். எனவே முதல் ஆட்டத்தில் அலைநீளம் 40 மீட்டர், அதிர்வெண் 0.78. இரண்டாவதில் 20 மீட்டர், 1.57. மூன்றாவதில் 13.3 மீட்டர், 2.35. மூன்றையும் தனித்தனியே பெருக்கிப் பாருங்கள். எல்லாம் 31ஐ ஒட்டியே வந்து நிற்கும். கை மூன்று மடங்கு சீக்கிரமானாலும் கயிறு தன் வேகத்தை விட்டுக் கொடுக்கவே இல்லை.

வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் கேனைத்தான் மாற்ற வேண்டும். அதுவும் இரண்டு கேன் போதாது, நான்கு கேன் தண்ணீர் தொங்கவிட வேண்டும். வர்க்கமூலம் செய்கிற வேலை அது. நான்கு கேன் தண்ணீருக்கு அந்த ஊரில் எங்கே போவது என்பதால் இந்தச் சோதனை கைவிடப்பட்டது.

இப்படி நீளக் கயிற்றை வைத்துக் கண்ணால் எண்ணியவர்களில் இந்தப் பையன் முதல் ஆள் அல்ல. பிரான்ஸ் நாட்டுத் துறவி மரின் மெர்சென் 1636இல் வெளியிட்ட புத்தகத்தில் கம்பிகளின் விதிகளைச் சொன்னார். இசைக் கருவியின் கம்பி விநாடிக்கு நூற்றுக்கணக்கில் ஆடும், யாரால் எண்ண முடியும்? அதனால் அவர் எண்ணுகிற அளவுக்கு மெதுவாக ஆடக்கூடிய மிக நீளமான கம்பிகளை இழுத்துக் கட்டி எண்ணினார். நீளம், இறுக்கம், கனம் மாறினால் ஆட்டம் எப்படி மாறும் என்று பார்த்து, அங்கிருந்து சின்னக் கம்பிக்குக் கணக்குப் போட்டார். ஒரு நுனியில் எடையைத் தொங்கவிட்டு மறு நுனியை இசைக்கவையால் ஆட்டும் ஏற்பாடு ஜெர்மானியர் ஃபிரான்ஸ் மெல்டேயுடையது, 1860ஐ ஒட்டி வந்தது. கப்பி, கேன், கயிறு எல்லாம் அவருடைய சோதனையின் தோட்டத்துப் பதிப்பு என்று சொல்லலாம்.

நம்மூர் ஆள் ஒருவரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. சி.வி. ராமன் என்றால் எல்லோருக்கும் ஒளியும் 1930 நோபல் பரிசும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1907இல், பதினெட்டு வயதில், நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனவர், ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் பவுபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பல வருஷம் கட்டி அழுதது பெரும்பாலும் கம்பிகளோடுதான். 1909இல் ஒற்றைக் கம்பி வாத்தியமான ஏக்தாராவைப் பற்றி எழுதினார். 1918இல் வில்லால் இழுக்கப்படும் கம்பி எப்படி அதிர்கிறது என்று வயலினை வைத்து ஒரு பெரிய ஆய்வே வெளியிட்டார். பிறகு தம்புராவும் வீணையும். தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே செருகுகிற சின்ன நூலை நகர்த்தினால் நாதம் ஏன் அப்படிச் செழிக்கிறது என்பதை இயற்பியலாகப் பார்த்தவர் அவர். கணக்குப் புத்தகம் பார்க்கிற வேலைக்கு நடுவே இவ்வளவு! சுரமானிப் பெட்டியில் கம்பி இல்லாத பள்ளிகளில் அவர் படம் மட்டும் சுவரில் தொங்குவது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

கம்பியை விட்டு நூலுக்கு வந்தால், அருப்புக்கோட்டை நெசவு ஊர். கைத்தறியோ விசைத்தறியோ, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஒவ்வொன்றும் ஒரு கம்பிதான். 40ஆம் நம்பர் பருத்தி நூல் ஒரு கிலோ எடுத்தால் நீளம் 67 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதாவது ஒரு மீட்டரின் எடை 15 மில்லிகிராம். வெறும் 20 கிராம் எடை தொங்குகிற அளவு அதை இழுத்தாலே அலை விநாடிக்குச் சுமார் 115 மீட்டர் ஓடும். 10 கிலோவால் இழுத்த கிணற்றுக் கயிற்றைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல்! இறுக்கம் மட்டும் அல்ல, கனம் இல்லாததும் வேகம்தான். கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் இது புலப்படாது.

வில்லுப்பாட்டு இன்னொரு நல்ல உதாரணம். தெற்கத்திச் சீமையில் கோயில் கொடை என்றால் வில் இல்லாமலா? சாத்தூர் பிச்சைக்குட்டி இந்த விருதுநகர் மாவட்டத்துக்காரர்தான். கதை சூடு பிடிக்கும்போது வீசுகோல் நாணில் படபடவென்று விழும், சோகக் கட்டத்தில் மெதுவாக விழும். அடி எத்தனை சீக்கிரமானாலும் நாணின் சுருதி ஏறுவதில்லை. ஏனென்றால் விநாடிக்கு எத்தனை அடி என்பது வேறு, ஒரு அடிக்குப் பிறகு நாண் தானாக எத்தனை முறை அதிர்கிறது என்பது வேறு. அடிப்பவர் முதலாவதை மட்டும்தான் மாற்ற முடியும். இரண்டாவதை மாற்ற நாணை முறுக்கேற்ற வேண்டும். பக்கத்தில் உடுக்கை அடிப்பவர் பாருங்கள், அவர் கெட்டிக்காரர். இடுப்புக் கயிற்றை அழுத்தி அழுத்தி விடுகிறார். தோலின் இறுக்கம் மாற மாற, அடிக்கு நடுவிலேயே சுருதி வளைகிறது.

இதெல்லாம் சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்டது பையனின் தாய்மாமா. அவர் லைன்மேன்.

அவன் வீட்டுத் தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை. அதன் மேல் குறுக்கே கரண்ட் கம்பி போனது. போகப் போகத் தொய்ந்து, சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் வரும்போதெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவர் படுத்துக்கொள்ள வேண்டிய நிலை. இந்தப் பக்கத்தில் தாழ்ந்த கம்பியால் ஆடுமாடு போவதும் ஆளே போவதும் புதுச் செய்தி இல்லை. மின்சார விதிகளின்படி, தெருவுக்குக் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. மற்ற இடங்களில் 4.6 மீட்டர் போதும். வண்டிப்பாதை தெருவா, மற்ற இடமா என்று வாதாடிக்கொண்டிருக்கலாம். டிராக்டர் மேலே இருப்பவருக்கு அந்த வாதம் உதவாது.

"மாமா, கம்பி எவ்வளவு தொய்ஞ்சிருக்குன்னு ஏணி போடாமலே சொல்லலாம்."

"நாங்க கண்ணால பாத்தே சொல்லுவோம் மாப்ள. ஒரு மீட்டர் இருக்கும். ஒன்னரையும் இருக்கும்."

"ரெண்டுக்கும் நடுவுல அரை மீட்டர் இருக்குல்ல மாமா."

மாமா சிரித்தாலும் யோசித்தார். அரை மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

பையன் சொன்ன வழி அவன் கண்டுபிடித்தது அல்ல. மின்பாதை அமைப்பவர்களின் கைப்புத்தகங்களில் உள்ளதுதான். கம்பியை ஒரு தட்டுத் தட்டி, அலை மறுகம்பம் வரை போய்த் திரும்பி வரும் நேரத்தைப் பார்ப்பது. அந்த நேரத்தை அதனாலேயே பெருக்கி, 0.307ஆல் பெருக்கினால் தொய்வு மீட்டரில் வந்துவிடும். கம்பி என்ன கனம்? வேண்டாம். கம்பங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்? அதுவும் வேண்டாம். மாயம் போல இருக்கும், ஆனால் மாயம் இல்லை. கம்பி கனமாக இருந்தால் அதிகம் தொய்யும், அலையும் அதே காரணத்தால் மெதுவாக ஓடும். கம்பி நீளமாக இருந்தால் அதிகம் தொய்யும், அலைக்கும் தூரம் அதிகம். இழுவிசை கூடினால் தொய்வும் குறையும், நேரமும் குறையும். எல்லாமே இரண்டு பக்கமும் சேர்ந்து மாறுவதால் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது புவியீர்ப்பு மட்டும். 9.81ஐ 32ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 0.307. கம்பங்கள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், தொய்வு நீளத்தைப் பார்க்கச் சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கிணற்றுக் கயிற்றிலேயே இதைச் சரிபார்த்துவிட்டுத்தான் அவன் மாமாவிடம் போனான். 1.28ஐ 1.28ஆல் பெருக்கி, 0.307ஆல் பெருக்கினால் அரை மீட்டர். கயிற்றுக்கு மேலே மெல்லிய நூல் ஒன்றை விறைப்பாகக் கட்டி நடுவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தான். 50 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தது.

ஆடி மாதம் கம்பி இரைவது வேறு கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. காற்று கம்பியைக் கடக்கும்போது மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழிகள் கழன்று போகும். அதுதான் ஆட்டுகிற கை. காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் ஏறத்தாழ அதிர்வெண். 6 மில்லிமீட்டர் கம்பி, விநாடிக்கு 6 மீட்டர் காற்று என்றால் 200. அந்த இரைச்சலைக் கேட்டுக் கம்பி எவ்வளவு இறுக்கம் என்று சொல்ல முடியாது, காற்று எவ்வளவு என்றுதான் சொல்லலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்தத் தட்டுகிற வேலை லைன்மேன் மட்டும், மின்சாரத்தை முறைப்படி நிறுத்திய பிறகு மட்டும் செய்யக்கூடியது. வேறு யாரும் குச்சியோ கயிறோ எடுத்துக்கொண்டு கம்பிப் பக்கம் போகவே கூடாது. காய்ந்த குச்சி கரண்ட் கடத்தாது என்று நம்பிப் போனவர்கள் உண்டு.

மாமாவின் ஆட்கள் பராமரிப்புக்காக லைன் கிளியர் வாங்கி, இரண்டு பக்கமும் எர்த் ராடு போட்ட ஒரு நாள் காலையில் அது நடந்தது. பையன் வரப்பில் தள்ளி நின்று ஸ்டாப்வாட்ச் பிடித்தான். மாமா கம்பத்துப் பக்கம் காய்ந்த கயிறு ஒன்றைக் கம்பி மேல் போட்டு, ஒரு வெட்டு வெட்டி இழுத்துவிட்டு, கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டார். அலை திரும்பி வரும்போதெல்லாம் கயிறு கையில் சின்னதாக ஒரு சொடுக்குச் சொடுக்கும். "ஒன்னு... ரெண்டு... மூணு!" 5.7 விநாடி.

ஒரு தடவைக்கு 1.9. தொய்வு 1.1 மீட்டர்.

கம்பங்களின் நடுவே 60 மீட்டர். போய்வர 120 மீட்டரை 1.9ஆல் வகுத்தால் அலை வேகம் 63. அந்தக் கம்பிக்கு ஸ்குவிரல் என்று பெயர், அதாவது அணில். (மின்கம்பி வகைகளுக்கு முயல், நாய், மரநாய் என்று மிருகப் பெயர் வைப்பது ஆங்கிலேயர் விட்டுப்போன பழக்கம்.) அணில் கிலோமீட்டருக்கு 85 கிலோ. வேகத்தையும் கனத்தையும் வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டால் கம்பியில் இருந்த இழுவிசை சுமார் 340 நியூட்டன், ஏறத்தாழ 35 கிலோ தொங்குகிற இழுப்பு. 700 கிலோவுக்கு மேல் தாங்கக்கூடிய கம்பி அது. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி சும்மா கிடந்திருக்கிறது.

இன்சுலேட்டர் இருந்த உயரம் 6.4 மீட்டர். 1.1 போனால் 5.3. விதி கேட்பது 5.8.

"அப்ப பாதியா கொறைக்கணும்" என்றார் மாமா. தொய்வு பாதியாக வேண்டுமானால் இழுவிசை இரண்டு மடங்காக வேண்டும். அதற்காக ஒரேயடியாக முறுக்கிவிடவும் கூடாது. மார்கழிக் குளிரில் கம்பி சுருங்கும்போது இழுப்பு இன்னும் கூடும், இன்சுலேட்டரும் கம்பமும் அதைத் தாங்க வேண்டும். அந்த அளவு மாமாவுக்குக் கைப்பழக்கம். பையனின் நோட்டில் அது இல்லை.

இழுத்துக் கட்டி முடிக்க மதியமாகிவிட்டது. எர்த் ராடை எடுப்பதற்கு முன்னால் மாமா மறுபடியும் கயிற்றைப் போட்டார். இழுவிசை இரண்டு மடங்கு என்றால் வேகம் 1.4 மடங்கு, மூன்று திரும்பலுக்கு நாலு விநாடி வர வேண்டும் என்று பையன் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். மூன்றாவது சொடுக்கு வந்தபோது ஸ்டாப்வாட்சில் 4.1.

"நாலுன்ன?"

"என் வெரல் லேட்டு மாமா."

"வெரல் லேட்டா, கம்பி லேட்டா? இன்னொருக்கா பிடி" என்று மாமா கயிற்றை உதறினார். அடுத்த தடவை 4.0. அதற்கு அடுத்ததும் 4.0. அதன் பிறகுதான் எர்த் ராடைக் கழற்றச் சொன்னார்.